பதினோரு பிள்ளைகள் என்ற கணக்கு எப்படி வந்தது? மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா,

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை வரும் கல்வியாண்டில் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியோடு இணைக்கப் போவதாக உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு ‘பெற்றோரின் விருப்பத்தின் பேரில்’ தீர்மானம் போட்டுத் தர வேண்டுமாம். தீர்மானத்தை அவர்களே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்கள். தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது.

அந்தக் குழுவின் தலைவர் நான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று அன்றைக்கே வாயால் சொல்லிவிட்டேன். ஏன் என்பதை எழுத்தில் சொல்லத்தான் இந்த மடல். உங்களுக்கு மட்டும் அனுப்பினால் கோப்புக்குள் போய்விடும். அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை மொத்தம் பதினோரு பிள்ளைகள். எண் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பது உங்கள் கோப்பில் எங்கேயும் இல்லை. ஊரில் இருந்து பார்த்தவள் என்பதால் அதை நான் சொல்கிறேன்.

நான் படித்ததும் இதே பள்ளியில்தான். என் மூத்த மகளைச் சேர்த்தபோதுகூட நாற்பது பிள்ளைகளுக்குக் குறையவில்லை. தலைமை ஆசிரியர் ஒருவர், உதவி ஆசிரியர் ஒருவர். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். எங்கள் ஓட்டுக் கட்டடமும் அந்தப் பட்டியலில் வந்தது. இடித்ததில் எங்களுக்கு வருத்தமில்லை. உத்தரத்தில் கறையான் ஏறி, மழைக்காலத்தில் ஓட்டுக்குக் கீழே சாக்கு கட்டித்தான் பாடம் நடந்தது. ஜேசிபி வந்து ஒரே காலையில் தரைமட்டமாக்கிவிட்டுப் போனது. ஜன்னல் கம்பியும் மரச்சட்டமும் ஏலத்தில் போயின. ‘ஆறு மாதத்தில் புதுக் கட்டடம்’ என்று சொன்னார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

பள்ளி இப்போது நடப்பது மகளிர் குழுக் கட்டடத்தில். ஒரே அறை. ஐந்து வகுப்பும் அதற்குள்தான். குழுக் கூட்டம் நடக்கிற நாளிலும், கால்நடை முகாம் போடுகிற நாளிலும், தேர்தல் வேலைக்கு அறையைக் கேட்கிற நாளிலும் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். மற்றத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. எங்களுக்கும் வரும் என்று காத்திருந்தோம். சொந்தச் சுவர் இல்லாத பள்ளியில் எதில் மாட்டுவது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்டிருக்க வேண்டிய இடம்தான் நாங்கள் இல்லை.

கட்டடம் போன அடுத்த ஆண்டு உதவி ஆசிரியர் ஓய்வு பெற்றார். அந்த இடம் நிரப்பப்படவே இல்லை. மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்புகிறார்கள். அவர் வருகிற நாளும் உண்டு, வேறு பள்ளிக்குத் திருப்பிவிடப்படுகிற நாளும் உண்டு. தலைமை ஆசிரியருக்கு வட்டார வளமையத்தில் பயிற்சி என்றால், பதிவேற்ற வேலை என்றால், வாக்காளர் பட்டியல் வேலை என்றால் பள்ளியைப் பார்த்துக்கொள்வது சத்துணவு அமைப்பாளர் அக்காதான். அவர் நல்லவர், பிள்ளைகளை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார். ஆனால் அவர் வேலை சோறு போடுவது. பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது அல்ல.

2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியவர். தலைகீழாக நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று அதில் இருக்கிறது. அறுபது வரை என்றால் பதினொன்றும் அதில் அடக்கம்.

கட்டடமும் இல்லை, இரண்டாவது ஆசிரியரும் இல்லை என்றால் பெற்றோர் என்ன செய்வார்கள்? காலை ஏழேகாலுக்குத் தனியார் பள்ளி வேன் ஊர் முக்கில் வந்து நிற்கிறது. மூன்றரை வயதுப் பிள்ளையை எல்கேஜிக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது ஆக வேண்டும். நடுவில் உள்ள இரண்டு ஆண்டுகளில் பிள்ளைக்கு அந்த வேனும் அந்த டையும் பழகிவிடும். பிறகு எந்த அம்மா அங்கிருந்து எடுத்து வேப்பமரத்தடியில் கொண்டுவந்து உட்கார வைப்பாள்? 2019 இல் அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். அதுவும் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில்தான். எங்கள் ஊர் அங்கன்வாடி அந்தக் கணக்கில் வரவில்லை. அப்புறம், தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடம். அதில் சேரும் பிள்ளைக்குக் கட்டணத்தைக் கட்டுவது அரசு. அதாவது எங்கள் பள்ளியிலிருந்து பிள்ளையை வெளியே கூட்டிப்போகவும் அரசுப் பணமே போகிறது, அப்படிப் போனதால் பிள்ளை குறைந்துவிட்டது என்று பள்ளியை மூடுவதும் அரசே. அந்த இடத்தில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் சொந்தத் தங்கையே சேர்த்திருக்கிறாள்.

ஆக, பதினொன்று என்பது எங்கள் ஊர் பள்ளியை வேண்டாம் என்று சொன்னதற்கான கணக்கு அல்ல. கட்டடம் கொடுக்காமல், ஆசிரியர் கொடுக்காமல், எல்கேஜி கொடுக்காமல் இருந்தும் மிஞ்சியவர்களின் கணக்கு. யார் அந்தப் பதினொன்று பேர் என்று உங்கள் அலுவலர்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவர்களில் ஏழு பேர் காலனித் தெருப் பிள்ளைகள். இரண்டு பேர் பாட்டியிடம் வளர்கிறவர்கள். அம்மா அப்பா இருவரும் திருப்பூரில். வேன் காசு கட்ட முடியாதவர்களும், 25 சதவீத இடத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்களும்தான் மிச்சம் இருக்கிறார்கள். இணைப்பு என்று நீங்கள் எடுக்கும் முடிவு விழப்போவது இவர்கள் தலையில் மட்டும்தான். மற்றவர்கள் ஏற்கெனவே வேனில் ஏறிவிட்டார்கள்.

இனி அந்த நடுநிலைப் பள்ளிக்குப் போகும் வழி. கூகுள் மேப்பில் பார்த்து இரண்டு கிலோமீட்டர்தான் என்று சொன்னார் வந்தவர். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, அதுவும் வண்டிப்பாதையில். நடுவே நான்குவழிச் சாலை. மேம்பாலம் எங்கள் பக்கம் இல்லை. தடுப்புச் சுவரில் யாரோ உடைத்து வைத்திருக்கிற சந்து வழியாகத்தான் ஊரே கடக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் மண் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரியவர்களுக்கே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை முழங்கால் வரை சேற்றோடு போய் ஈரச் சீருடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்குமா? ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புக்கு நடந்துபோகும் தொலைவு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆறு முதல் எட்டுக்குத்தான் மூன்று கிலோமீட்டர். உங்கள் அலுவலர் சொன்ன தூரத்தையே ஒப்புக்கொண்டாலும் அது விதிக்கு இரண்டு மடங்கு.

கூட்டிப்போய் விடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் ஏழு மணிக்கே தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகிறார்கள். கூட்டிப்போக ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான்: ஐந்தாவது படிக்கிற அக்கா முதலாவது படிக்கிற தம்பியைக் கையைப் பிடித்து நான்குவழிச் சாலையைக் கடத்துவாள். அவள் ஆறாவது போனதும், அல்லது வயதுக்கு வந்ததும், அதுவும் நிற்கும். காலை உணவையும் யோசித்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டு முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலையில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் போடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து இறங்கி இருநூறு அடி நடந்தால் தட்டுக்கு முன்னால் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சாப்பிட வேண்டுமென்றால் வெறும் வயிற்றோடு வண்டிப்பாதையில் நடந்து, எட்டே காலுக்குள் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்காத விஷயம். அந்த ஊருக்குள் போகும் பாதை எந்தத் தெரு வழியாகப் போகிறது, அங்கே கோயில் கொடையில் இதற்கு முன் என்ன நடந்தது என்பது உங்கள் துறைக்குத் தெரியாவிட்டாலும் காவல் துறைக்குத் தெரியும். நாங்குநேரியில் 2023 இல் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக அமைத்து அரசு அறிக்கையும் வாங்கியது. பள்ளிக்குள் சாதி இல்லை என்று அதற்குப் பிறகும் யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகள் கலந்து படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை; கலந்துதான் படிக்க வேண்டும். ஆனால் அதை ஆறு வயதுக் காலனிப் பிள்ளையைத் தனியாக அனுப்பித்தான் தொடங்க வேண்டுமா? அந்த ஊர்ப் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கு அனுப்பலாம் என்று ஒருவர்கூட யோசனை சொல்லவில்லையே, ஏன்?

கூட்டத்தில் உங்கள் அலுவலர் ஒருவர், ‘அமெரிக்காவிலேயே சின்னச் சின்னப் பள்ளிகளை மூடி ஒன்றாக்கித்தான் முன்னேறினார்கள்’ என்றார். எனக்கு அது புதிது. தேடிப் படித்தேன். உண்மைதான். 1940 வாக்கில் அங்கே 1,17,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள், அதாவது அந்தந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள், இருந்திருக்கின்றன; இப்போது 14,000க்கும் குறைவு. ஓரறைப் பள்ளிகள் ஊர் ஊராக மறைந்திருக்கின்றன. ஆனால் அந்த மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தை நாம் எல்லாரும் படத்தில் பார்த்திருக்கிறோம் அல்லவா, அது அந்த இணைப்போடு சேர்ந்து வளர்ந்த ஏற்பாடு. 1939 இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சிர் என்பவர் ஒரு மாநாடு கூட்டி, பள்ளிப் பேருந்து எப்படி இருக்க வேண்டும், தூரத்திலிருந்தே தெரிய என்ன நிறம் பூச வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்திருக்கிறார்கள். பள்ளியை எடுத்தவர்கள் வீட்டு வாசலுக்கு வண்டியை அனுப்பினார்கள். அப்படியிருந்தும் மனக்குறை தீரவில்லை. ஆர்கன்சா மாநிலத்தில் 350 மாணவர்களுக்குக் கீழே போன பள்ளி மாவட்டங்களை இணைக்க வேண்டும் என்று 2004 இல் சட்டம் வந்தது. ஊர்கள் போட்ட சத்தத்தில் 2015 இல் அதற்கு விலக்குக் கொடுக்க வழி செய்தார்கள். உங்கள் அலுவலர் இந்தக் கதையில் மூடியதை மட்டும் சொன்னார், பேருந்தை விட்டுவிட்டார். எங்களுக்கு என்ன வண்டி என்று நான் கேட்டதற்கு, ‘அது பிறகு பார்க்கலாம்மா’ என்றார்.

அமெரிக்கா வரை போவானேன்? ராஜஸ்தானில் 2014 இல் 17,000 பள்ளிகள் வரை இணைத்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் நிதி ஆயோக்கின் திட்டத்தில் சுமார் 35,000 பள்ளிகள் 16,000 ஆகின. உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூனில் ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளை இணைக்க உத்தரவு போட்டார்கள். பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் இணைக்க மாட்டோம் என்று அந்த அரசே பிறகு சொல்ல வேண்டி வந்தது. நம் மாநிலத்தில் 2019 இல் பிள்ளைகள் இல்லாத 46 பள்ளிகளை ‘மூடவில்லை, நூலகம் ஆக்குகிறோம்’ என்றார்கள். புதிய தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. சிறிய பள்ளிகள் நடத்தக் கட்டுப்படியாகாதவை என்று அந்தக் கொள்கையின் ஏழாம் பகுதி பேசுகிறது. சென்னையில் எதிர்க்கிற ஒன்றை எங்கள் ஒன்றியத்தில் வாய்மொழி உத்தரவாக நடத்துவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

இந்த வட்டாரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பெருமையும் உண்டு. காமராசர் 1956 இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் எங்களுக்கு ரொம்ப தூரமில்லை. ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப் பள்ளி என்பது அன்றைக்கு வைத்துக்கொண்ட இலக்கு. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், தானியம் கொடுத்தார்கள். எங்கள் பள்ளி நிற்கும், மன்னிக்கவும், நின்ற இடமும் அப்படி ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, எழுதிக் கொடுத்ததுதான். அவர் பேரன் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார். பள்ளி போய்விட்டால் அந்த அரை ஏக்கரை என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்தில் அரசிடம் பணம் இப்போது இருப்பதைவிட அதிகமாகவா இருந்தது?

ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு என்ற கணக்கை நீங்கள் போடுவது எனக்குத் தெரியும். பதினோரு பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் சம்பளம் என்றால் கூடுதல்தான். ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கோடு அந்தப் பதினொன்று பேரில் எத்தனை பேர் இணைப்புக்குப் பிறகு ஆறாம் வகுப்பு வரை வந்து சேருவார்கள் என்ற கணக்கையும் போடுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு கொடுக்கும் அடையாள எண்ணான யுடைஸ் எண் ஒருமுறை அழிந்தால் அதைத் திரும்பத் திறப்பது எவ்வளவு பாடு என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கன்வாடியில் இப்போது பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்புக்கு வர வேண்டியவர்கள் அவர்கள். உங்கள் கோப்பில் அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். முதலில், தட்டச்சு செய்து கொண்டுவந்த அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். மூடுவது உங்கள் முடிவென்றால் உங்கள் கையெழுத்தில், காரணத்தோடு, எழுத்தில் உத்தரவு போடுங்கள். அதை எதிர்த்து எங்கே போவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெற்றோர் விருப்பம் என்று எங்கள் தலையில் எழுதாதீர்கள். அதற்கு முன், நீங்களோ வட்டாரக் கல்வி அலுவலரோ ஒரு மழை நாளில் எங்கள் பிள்ளைகளோடு அந்தப் பள்ளி வரை நடந்து வந்து தூரத்தை அளந்து, அதைக் கோப்பில் சேருங்கள்.

இரண்டாவது ஆசிரியர் இடத்தை ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முறையாக நிரப்புங்கள். மாற்றுப் பணி போதாது. இடித்த கட்டடத்துக்கு ஈடாகக் குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டத்திலோ வேறு எந்தத் திட்டத்திலோ இரண்டு வகுப்பறைக்கு மதிப்பீடு அனுப்பப்பட்டதா, எந்த மேசையில் நிற்கிறது என்று சொல்லுங்கள். அனுப்பப்படவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், ஒன்றிய அலுவலகத்தில் நாங்களே போய் நிற்கிறோம். அங்கன்வாடியில் எல்கேஜி, யுகேஜி நடத்தச் சமூக நலத் துறையோடு பேசுங்கள். ஆங்கில வழிப் பிரிவுக்கும் அனுமதி கொடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு இரண்டு சேர்க்கைக் காலம் போகட்டும். அப்போதும் பதினொன்றுதான் என்றால் வந்து பேசுங்கள், உட்கார்ந்து கேட்கிறோம்.

இவை எதுவுமே முடியாது, இணைத்தே தீருவோம் என்றால், வண்டி எது, ஓட்டுநர் யார், கூட வரும் பொறுப்பாளர் யார், எந்த நிதியில், மழையில் ஓடை நிறைந்தால் என்ன ஏற்பாடு என்பதெல்லாம் உத்தரவிலேயே இருக்க வேண்டும். வண்டி ஓடத் தொடங்கி ஒரு பருவம் முடியும் வரை இங்கே பள்ளி மூடப்படக் கூடாது.

மே 1 கிராம சபையில் இந்த மடலைப் பொருளாக வைக்கும்படி ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவரை அனுப்புங்கள். அன்றைக்கு விடுமுறை என்பதால் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களும் ஊரில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி